மூட்டைத் தராசு

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தராசு முள் சொல்வதே மெய். ரொட்டிக்காரரின் வேதம் இவ்வளவுதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தொழில் பழகிய காலத்தில் கையளவாக உப்பை அள்ளிப் போட்டு ஒரு தொட்டி மாவைப் பாழாக்கியவர் அவர். அன்றைக்குத் தெருநாய்கூட அந்த ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. அதிலிருந்து மாவோ, வெண்ணெயோ, தண்ணீரோ, எதுவானாலும் தராசில் ஏறி இறங்கித்தான் தொட்டிக்குள் போக வேண்டும்.

கடையில் தராசு இரண்டு. கதவோரம் நிற்பது மாவு மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசு. வட்ட முகம், தடித்த முள். மூட்டையைத் தூக்கி வைத்தால் முள் திடுக்கிட்டு ஓடி, ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். கடையில் அதற்கு மூட்டைத் தராசு என்றே பெயர். உள்ளே அலமாரியில் உப்பும் ஈஸ்ட்டும் நிறுக்க உள்ளங்கை அகலத்தில் சின்னதாக இன்னொன்று உண்டு.

கடைக்கு மேலேயே வீடு. மரப்படி ஏறினால் இரண்டு அறை. கீழே அடுப்பு எரிவதால் மேலே தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோது அந்தச் சூடு பெரிய வரமாக இருந்தது. அந்த மழையில்தான் மகள் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் போய், இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தவள். ரொட்டிக்காரர் அன்று அடுப்பில் ஒரு தட்டு பன்னைக் கருக்கிவிட்டு, கருகியதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

தெருமுனைச் சுகாதார நிலையத்தில்தான் பிரசவம். பிறந்த சூட்டோடு குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்மேல் போட்டுவிட்டார் சிஸ்டர். முதலில் வந்த பால் மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக இருந்தது.

"இவ்வளவுதானா சிஸ்டர்?" என்றார் ரொட்டிக்காரர். அளவு கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

"இவ்வளவு போதும். பாப்பா வயிறு ஒரு கோலிகுண்டு அளவுதான். இந்த மஞ்சப் பாலுதான் அவளுக்கு முதல் மருந்து. நோய் நொடியெல்லாம் எதுத்து நிக்கிற சக்தி இதுல இருக்கு. சொட்டுக்கூட வீணாக்காதீங்க."

மனைவி முகத்தைச் சுளித்தாள். "இவ உறிஞ்சும்போதெல்லாம் வயிறு சுருட்டிப் புடிக்குது சிஸ்டர். உள்ள யாரோ முறுக்குற மாதிரி இருக்கு."

"முறுக்கட்டும். கருப்பை சுருங்குது. ரத்தப்போக்கு குறையும். நீங்க அவளுக்குப் பால் குடுக்கறீங்க, அவ உங்களுக்கு வைத்தியம் பாக்கறா. கொடுக்கல் வாங்கல் சரியாப் போச்சு."

ரொட்டிக்காரருக்கு இது புதுச் செய்தி. பிறந்து இன்னும் கண்ணைச் சரியாகத் திறக்காத ஒரு பொடிசு, அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்றால் சும்மாவா? கடைக்கு வந்த எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

உதவிக்கு வந்தவள் அவருடைய அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கையெல்லாம் சூடு பட்ட தழும்பு, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். வந்த அன்றே சமையலறையைக் கையில் எடுத்தாள். காய்கறி சூப்பும் அவித்த முட்டையும் மாற்றி மாற்றி வைத்தாள். குழந்தையின் துணிகளை அலசினாள். வெளியே காயப்போட வழியில்லாததால் அடுப்பறையில் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ரொட்டி எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

"பேக்கரியா, சலவைக் கடையான்னு தெரியலையே," என்றார் ரொட்டிக்காரர்.

"ரெண்டுலயும் சூடுதான் சோறு போடுது. குனிஞ்சு போடா," என்றாள் அக்கா.

வினை ஆரம்பித்தது ஒரு மத்தியான நேரத்தில். குழந்தை குடித்தாள், ஐந்து நிமிஷம் தூங்கினாள், அழுதாள், மறுபடி குடித்தாள், மறுபடி அழுதாள். விடிந்ததிலிருந்து இதே கதை. கீழே மாவு பிசைகிற மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தாலும் அதையும் தாண்டி அழுகை கேட்டது. ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மாள் மேலே அண்ணாந்து பார்த்து, "பால் பத்தலையோ என்னவோ," என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணிக்கொண்டு போய்விட்டார். போகிறபோக்கில் சொன்ன வார்த்தை ரொட்டிக்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஷட்டரைப் பாதி இறக்கினார். மூட்டைத் தராசைத் துடைத்து, வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து விரித்தார். மேலே போய், "பாப்பாவக் கீழ கொண்டா, எடை பாத்துருவோம்," என்றார்.

அக்கா வாயில் கை வைத்தாள். "பச்சைப் புள்ளைய மூட்டைத் தராசுல வெக்கிறவன உலகத்துலயே இப்பதான்டா பாக்கறேன்."

"கிண்டல் பண்ணாதக்கா. குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, குடிச்ச பின்னாடி ஒரு எடை. எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரிஞ்சுட்டா நிம்மதி."

மனைவிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளும் அந்தக் கடைக்காரிதான். கேக்குகளுக்கு க்ரீம் பூ வைப்பவள், கை நடுங்காதவள். மாவு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். முன்னால் நிறுத்தபோது முள் எங்கே நின்றதோ, பின்னால் நிறுத்தபோதும் அங்கேயே நின்றது. ரொட்டிக்காரர் குனிந்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் மசியவில்லை. சாயங்காலம் மறுபடி. மறுநாளும். முள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுமே போகல," என்றார் அவர். குரலை எவ்வளவு மெதுவாக்கினாலும் அந்தச் சொல் மெதுவாகவில்லை. "சும்மா சப்பிட்டுத்தான் இருக்கா."

மனைவி ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு குழந்தையை எடுத்துத் தோளில் போட்டாள். படியேறும்போதுதான் கேட்டாள். "அப்ப எனக்குப் பாலே இல்லையாங்க?"

ரொட்டிக்காரர் மருந்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா பால் பவுடரும் ஒரு புட்டியும் வாங்கி வந்தார். குழந்தை புட்டியைக் கடகடவென்று காலி பண்ணிவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். வீடு அமைதியானது. பார்த்தீர்களா, பசிதான் என்று ரொட்டிக்காரர் நினைத்துக்கொண்டார். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புட்டி ஏற ஏற, மார் இறங்கியது. புட்டியில் பால் தானாக ஒழுகும், மாரில் உழைத்துக் குடிக்க வேண்டும். நோகாமல் கிடைக்கிற பக்கம் சாய்வது பெரியவர்களுக்கே இயல்பு, பச்சைக் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்? மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். அதோடு வயிறும் கெட்டது. தண்ணியாகப் போனாள். அக்கா புட்டியைக் கொதிக்கக் கொதிக்கத்தான் கழுவினாள், ஆனாலும் அந்த ஈரத்திலும் மழைத் தண்ணீரிலும் எங்கிருந்து என்ன ஒட்டிக்கொண்டதோ.

இந்தப் பக்கம் குடிக்க ஆளில்லாத பால் மாரில் கட்டிக்கொண்டது. இல்லை என்று சொல்லப்பட்ட பால். ஒரு பக்கம் கல்லாக இறுகி, சிவந்து, தொட்டாலே உயிர் போகிற வலி. ரொட்டிக்காரருக்கு இறுகியது எதுவானாலும் பிசைந்து இளக்கத்தான் தெரியும். "கொஞ்சம் பொறுத்துக்க," என்று சொல்லிப் பிசைந்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். மறுநாள் காலை உடம்பு அனலாகக் கொதித்தது, போர்வைக்குள் நடுங்கினாள். அம்மாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வாடிக் கிடந்தார்கள். ரொட்டிக்காரர் மழையென்றும் பார்க்காமல் இருவரையும் ரொட்டி வண்டியில் உட்கார வைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்திச் சுகாதார நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா பக்கத்திலேயே குடை பிடித்து நடந்தாள்.

சிஸ்டர் குழந்தையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னார். தாய்க்கு மாத்திரை எழுதினார். மார்பைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"யாரு இத இப்படிப் போட்டு அழுத்துனது?"

ரொட்டிக்காரர் தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இது என்ன ரொட்டி மாவா? உள்ள ஏற்கெனவே புண்ணா இருக்கு. பூ மாதிரி தடவணும், அவ்வளவுதான். குளிர்ந்த துணி வெச்சு ஒத்தடம் குடுங்க. மத்தபடி பெரிய வைத்தியமே பாப்பாதான். அவ வந்து குடிச்சா இளகிடும்."

"காய்ச்சலோட குடுக்கலாமா சிஸ்டர்? பால் கெட்டுப் போயிருக்காதா?" என்றாள் அக்கா.

"கெடாது. இந்த மாத்திரையும் பாப்பாவ ஒண்ணும் பண்ணாது. இப்ப வயித்தால போகுதே, அதுக்கும் தாய்ப்பால்தான் நல்லது. அவங்களுக்கும் நல்லதுதான். பால் குடுக்கக் குடுக்க உடம்பு தேறும், பின்னாடி மார்புல புத்துநோய் வர்ற பயமும் கொஞ்சம் குறையும்." சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பால் இல்லன்னு யாரு சொன்னாங்க?"

"தராசு," என்றார் ரொட்டிக்காரர்.

சிஸ்டருக்குப் புரியவில்லை. புரிய வைக்கிற துணிச்சல் ரொட்டிக்காரருக்கும் இல்லை. சிஸ்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி பாப்பாவுக்குத் துணி நனைஞ்சுச்சா?"

"நனைஞ்சுச்சாவா? காயப்போட இடமில்லாம இவன் அடுப்பு முழுக்கத் தொங்கவிட்டேன்."

"அப்ப அந்த ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா?"

அக்கா வாயடைத்துப் போனாள். அது வழக்கமாக நடக்கிற காரியமில்லை.

"பாப்பா அடிக்கடி பால் கேட்டா, வளர்றான்னு அர்த்தம். கேக்கக் கேக்கத்தான் ஊறும். மெதுவா மறுபடி பழக்குங்க, வந்துரும்," என்று அனுப்பிவைத்தார் சிஸ்டர்.

வண்டி திரும்பியது. பாதி வழியில் அக்கா குடைக்குள்ளிருந்தே சொன்னாள். "எனக்கும் இப்படித்தான்டா பால் இல்லன்னாங்க. நானும் நம்பிட்டு, வேலைக்குப் போறோமே, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். என் மவன் புட்டியிலதான் வளந்தான், யானைக்குட்டி மாதிரிதான் இருக்கான், அதுல குறையில்ல. ஆனா துணி நனைஞ்சுச்சான்னு என்னை யாரும் கேக்கல." தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவி குழந்தையை மாரில் வைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தாள், மறுபடி அழுகை. "சிஸ்டர் நல்ல மனசோட சொல்றாங்க," என்றாள் மனைவி. "ஆனா முள்ளு அசையலையேங்க. நானும் கண்ணால பாத்தேனே. இல்லாததுக்குப் புள்ளைய எதுக்குப் போராட வெக்கணும்? விட்டுருவோம்." காய்ச்சலைவிட அந்தச் சொல்தான் ரொட்டிக்காரரைச் சுட்டது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பொய்யாக இருக்கும். அவரும்தானே பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்துதான் ஆக வேண்டும். எந்தக் கவலையையும் ஊர் வயிறு கேட்காது. மாவைக் கொட்டினார், தண்ணீரை ஊற்றினார். மனம் மேல்மாடியில் இருந்தது. ஈஸ்ட்டைக் கிண்ணத்தில் அள்ளியவர், அலமாரிப் பக்கம் போகாமல், கால் போன போக்கில் கதவோரம் போய் மூட்டைத் தராசின் மேல் வைத்துவிட்டு முள்ளைப் பார்த்தார்.

முள் அசையவில்லை.

ஈஸ்ட் இல்லையோ என்று கிண்ணத்தைப் பார்த்தார். இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஊகூம். அப்புறம்தான் எந்தத் தராசின் முன்னால் நிற்கிறோம் என்பது உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ரொட்டிக்காரர் மாவு மூட்டையின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவர் செய்ததைத் தெருவே பல நாள் சொல்லிச் சிரித்தது. அத்தனை கனமான இரும்புத் தராசைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, மரப்படி முனக முனக, ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். கிண்ணத்தை மேல்சட்டைப் பையில் செருகியிருந்தார்.

"டேய், மழையில மூளைக்குள்ள தண்ணி பூந்துருச்சா?" என்றாள் அக்கா.

அவர் தராசை மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் இறக்கினார். மூச்சு வாங்கியது. கிண்ணத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். மனைவி காய்ச்சல் கண்ணோடு பார்த்தாள். முதலில் அவரை, பிறகு கிண்ணத்தை, பிறகு தராசை.

"என்னங்க இது? ஈஸ்ட்ட யாராவது மூட்டைத் தராசுல நிறுப்பாங்களா?"

"நான் நிறுத்தேனே," என்றார் ரொட்டிக்காரர். "பாப்பா குடிச்ச பாலையும் இதுலதானே பாத்தேன். முள்ளப் பாரு. ஒண்ணுமே இல்லங்குது. இந்த ஒரு கிண்ணம்தான் அத்தன பெரிய தொட்டி மாவையும் எழுப்புது. இந்தத் தராசுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லியாம்."

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ மெல்ல இளகியது. பிறகு கோபம் வந்தது. வர வேண்டியதுதானே.

"அப்ப இருந்துச்சா? எல்லா நாளும் இருந்துச்சா? என்னை எப்படி அழ வெச்சீங்க. நான் என் உடம்பையே திட்டித் தீத்தேன்."

"திட்ட வேண்டியது என்னைத்தான். நல்லாத் திட்டு."

"திட்டறேன். மொதல்ல அவள எடுத்துக் குடுங்க."

சொன்னதும் பால் பொங்கிவிடவில்லை. கதையில்தான் அப்படியெல்லாம் நடக்கும். குழந்தை அன்றைக்கும் முகத்தைத் திருப்பினாள். அக்கா அறையின் திரையை இழுத்துவிட்டாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி, அம்மாவின் வெறும் மார்மேல் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்தினாள். "பசிச்சுக் கத்துறதுக்கு முன்னாடியே வெச்சுருவோம். அவளா தேடட்டும்," என்றாள். கீழே அடுப்பு எரிய, தரையின் சூடு ஏற, வெளியே மழை பெய்ய, தாயும் மகளும் அப்படியே கிடந்தார்கள். மத்தியானம் போல குழந்தை தலையை ஆட்டி ஆட்டி, கோழிக்குஞ்சு கொத்துகிற மாதிரி முட்டி முட்டித் தேடிக் கவ்வினாள். வலியில் மனைவியின் கால் விரல்கள் மடங்கின. ஆனாலும் விடவில்லை. அழுத்தி அழுத்தித் தீராத கல், அந்தச் சின்ன வாய் இழுக்க இழுக்க இளகியது.

"கொடுக்கல் வாங்கல்," என்றாள் மனைவி, கண்ணை மூடிக்கொண்டு.

காய்ச்சல் இறங்கியது. குழந்தையின் வயிறும் சரியானது. சிஸ்டர் சொன்னபடி புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சில நாள் முன்னே, சில நாள் பின்னே என்று இழுத்து, ஒருவழியாகப் புட்டி அலமாரிக்குப் போனது. அடுப்பறைக் கயிற்றில் ஈரத் துணிகள் நிறைந்து தொங்கின. ரொட்டிக்காரர் ஒவ்வொரு முறையும் குனியாமல் நேராகவே போனார், ஈரத் துணி முகத்தில் படட்டும் என்று. சுகாதார நிலையத்தில் எடை பார்க்கக் கூப்பிட்டபோது, "நீங்களே பாத்துச் சொல்லுங்க சிஸ்டர், எனக்கும் முள்ளுக்கும் இப்பப் பேச்சுவார்த்தை இல்ல," என்று வெளியிலேயே நின்றுகொண்டார். நன்றாக ஏறியிருக்கிறாள் என்று சிஸ்டர் சொன்னதும், கொண்டுவந்திருந்த ரொட்டிப் பையை அவர் கையில் திணித்துவிட்டுக் கும்பிட்டார். அக்கா ஊருக்குக் கிளம்பிய அன்று மனைவி பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாக க்ரீம் பையைக் கையில் எடுத்து, ஒரு கேக் முழுக்கப் பூ வைத்துக் கொடுத்தாள். வாயாடி அக்காவுக்கு வாயடைத்தது அது இரண்டாம் முறை.

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கீழே மாவு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி மூட்டைகளுக்கு நடுவே அதே ஸ்டூலில் உட்கார்ந்து, துணியைப் போர்த்திக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த மெஷின கொஞ்சம் நிறுத்துங்க."

"மாவு பாதியில இருக்கே."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

நிறுத்தினார். கடகட சத்தம் அடங்கியதும் கடை பெரிதான மாதிரி இருந்தது. முதலில் தூறல் கேட்டது. அப்புறம் அடுப்பின் உறுமல். அப்புறம், மிகச் சின்னதாக, ஒரு சத்தம். "க்ளக்." கொஞ்சம் இடைவெளி, ஒரு குட்டி மூச்சு. மறுபடி, "க்ளக்."

"கேக்குதா? முழுங்குறா," என்றாள் மனைவி. "அன்னைக்கும் இப்படித்தான் முழுங்கியிருப்பா. நாம முள்ளையே பாத்துட்டு இருந்துட்டோம்."

ரொட்டிக்காரர் மாவுக் கையோடு அப்படியே நின்றார். எத்தனை வருஷம் இந்த மெஷினை ஓட்டியிருப்பார், அதை நிறுத்தினால் இப்படி ஒன்று கேட்கும் என்று தெரியாமலே. கண்ணைத் துடைத்தார், கன்னமெல்லாம் மாவானது. யாருக்கென்று தெரியாமல் மனசுக்குள் நன்றி சொன்னார். பிறகு யாருக்கென்று தெரிந்து, ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

"ரொம்ப நன்றிம்மா."

"எதுக்கு?"

அதற்குள் வாசலில் ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு, பால் பத்தலையோ என்னவோ என்று சொன்ன அதே அம்மாள்தான்.

"ரொட்டி இருக்காப்பா?"

ரொட்டிக்காரர் உதட்டில் விரலை வைத்தார். "இருக்கும்மா. கொஞ்சம் நில்லுங்க. என் மக சாப்புடுறா, சத்தம் கேளுங்க."

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த அம்மாளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.